அம்மாவின் ரட்சிப்பு தொலைந்த வருஷம்

முதலில் என் கையெழுத்துக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் என் எழுத்து கோட்டில் நிற்காது. ஐந்தாம் வகுப்போடு எனக்குப் படிப்பு முடிந்தது. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் சந்தேகம் வரும். சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் சின்னதையே போட்டிருக்கிறேன். நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

நான் நாலு பேர் முன்னால் பேசத் தெரியாதவன் என்பதும் உங்களுக்குத் தெரியும். போன வாரம் ஜெபக்கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, நம் வயதுக்காரர்கள் எல்லோரும் நரைத்த தலையோடு உட்கார்ந்து அதே பேச்சை ஆரம்பித்தீர்கள். ரட்சிக்கப்பட்ட ஒருவன் அந்த ரட்சிப்பை இழந்துபோக முடியுமா, முடியாதா? டீயில் ஆடை படிந்ததுதான் மிச்சம். ஒருவர் என் பக்கம் திரும்பி, "நீ இன்னா சொல்றே, வாயே தொறக்க மாட்டேங்கிறியே" என்றார். நான் தம்ளரைக் கழுவப் போகிறவன் மாதிரி எழுந்து போய்விட்டேன். சொல்ல ஒன்றும் இல்லாமல் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஏன் என்பதை எழுதிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் காசிமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஓடு போட்ட ஒற்றை அறை வீடு, முன்னால் ஒரு திண்ணை. கடல் பக்கமிருந்து காற்று அடித்தால் கருவாட்டு வாசனை, துறைமுகப் பக்கமிருந்து அடித்தால் நிலக்கரித் தூள். அம்மா வெள்ளைத் துணியைத் துவைத்து உலர்த்தினால் காய்வதற்குள் அதில் கரும்புள்ளி விழுந்துவிடும். அம்மா ஒவ்வொரு புள்ளியையும் வாயால் ஊதுவாள். விரலால் தட்டினால் அது தீற்றிக்கொள்ளும், ஊதினால்தான் போகும்.

எங்கள் சபை ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கில் கூடியது. அங்கே ரட்சிக்கப்படுவது என்றால் மனந்திரும்பி, கடலில் முழுகி ஞானஸ்நானம் வாங்கி, எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்வது. அப்படிச் செய்தவர்கள் முன்னால் விரித்திருக்கும் பாயில் உட்காருவார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பமும் திராட்சை ரசமும் அவர்களுக்குத்தான். மற்றவர்களுக்குப் பின்னால் பெஞ்சு. பெஞ்சு என்னவோ பாயைவிட வசதிதான், முதுகு சாய்த்துக்கொள்ளலாம். ஆனால் பெஞ்சில் உட்கார யாருக்கும் ஆசை இல்லை. அம்மா கல்யாணத்துக்கு முன்பே கடலில் முழுகியவள். அன்றைக்கு அவளை முழுக்கிய பழைய ஊழியர் நான் பிறப்பதற்குள் இறந்துவிட்டார். அன்று கட்டியிருந்த வெள்ளைப் புடவையைத் தகரப் பெட்டியின் அடியில் நாப்தலீன் உருண்டை போட்டு வைத்திருந்தாள். வருஷத்துக்கு ஒரு முறை எடுத்து மடிப்பை மாற்றி மடித்து வைப்பாள், மடிப்பில் கிழிந்துவிடக் கூடாது என்று.

என் பெரியப்பா அந்தச் சபையில் மூப்பர். துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் வேலை. என் மாமா, அம்மாவின் அண்ணன், பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் ஃபிட்டர். அவர் திருவொற்றியூரில் கொட்டகை போட்டு நடந்த வேறொரு சபைக்குப் போவார். இரண்டு சபைக்கும் எல்லாம் ஒன்றுதான், ரட்சிப்பை இழக்க முடியுமா என்கிற இந்த ஒரு விஷயம் தவிர. இருவரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், மீன் முள்ளைத் தட்டில் ஒதுக்கி வைப்பதற்குள் அது ஆரம்பித்துவிடும்.

"பர்மனென்ட் ஆயிட்டவனை எவனும் வேலைய வுட்டுத் தூக்க முடியாது. ரட்சிப்பும் அப்படித்தான்" என்பார் பெரியப்பா.

"ஏன் முடியாது? எங்க யார்டுல போன மாசம் ரெண்டு பேரைத் தூக்கினாங்களே. ரெண்டு பேரும் பர்மனென்ட்டுதான்."

"அது மனுசன் குடுக்குற பர்மனென்ட்டு. இது கர்த்தர் குடுக்குறது."

"கர்த்தர் குடுத்தா மட்டும்? வேலைக்கு வராம பூட்டா சம்பளம் குடுத்துகினே இருப்பாரா?"

பெரியப்பாவுக்கு ஆடும் மேய்ப்பனும் வருகிற வசனம். மாமாவுக்கு விழுந்துபோனவர்களைப் பற்றிய வசனம். இருவரும் ஒருவர் சொல்லும் வசனத்தை மற்றவர் காதில் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. ஒரு நாள் இருவரும் சேர்ந்து என் அப்பாவிடம் தீர்ப்புக் கேட்டார்கள். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற கூலி. தினமும் காலையில் கேட்டில் போய் நிற்பார். மேஸ்திரி கை காட்டினால் வேலை, இல்லாவிட்டால் வீடு.

"என்னைக் கேக்குறீங்களே" என்றார் அப்பா. "நான் தெனம் கேட்டாண்ட நிக்கிறவன். பர்மனென்ட்டுன்னா எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. மீனு ஆறுது, துன்னுங்க."

அப்போதெல்லாம் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. யாரையும் பற்றிய பேச்சாக அது இல்லை.

அந்தக் கோடையில் எனக்கு அம்மை போட்டது. பெரியம்மை. முதல் இரண்டு நாள் காய்ச்சல், பிறகு முகம் முழுக்க, கண் இமைக்குள்ளேகூட. எனக்கு நினைவிருப்பது வாழை இலையின் குளிர்ச்சி. அதன் மேல்தான் என்னைப் படுக்க வைத்திருந்தார்கள். உடம்பு பட்ட இடம் சூடாகிவிடும், நான் புரள முடியாமல் அழுவேன். அம்மா இலையை மட்டும் மெல்ல உருவி வேறு இலை நுழைப்பாள். சபையார் வாசலுக்கு வெளியே நின்று ஜெபித்துவிட்டுப் போனார்கள். உள்ளே வரவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அந்த நோய்க்கு எல்லோருக்கும் பயம்.

உள்ளே வந்தவள் அடுத்த வீட்டு மீன்காரம்மா ஒருத்திதான். அவள் புருஷன் கட்டுமரத்தில் போகிறவன். அவள் கூடை சுமந்து விற்பாள். அவளுக்குச் சின்ன வயதில் அம்மை வந்துபோயிருந்ததால் பயமில்லை. வேப்பிலையைக் கொண்டுவந்து வாசலில் செருகினாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வேப்பிலை என்றால் இந்த வீட்டில் அம்மை என்று ஊருக்கு அடையாளம், அவ்வளவுதானே. பிறகு ஒரு நாள் எனக்கு மூச்சு இரைத்தது, கண் செருகியது. அப்பா கேட்டில் நிற்கப் போயிருந்தார்.

"ஏம்மே, ஆத்தா கோவமா கீறா. எழுந்து வா. ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டு, கை எடுத்துக் கும்பிட்டுட்டு வந்துடு. உன் சாமி ஒண்ணியும் சொல்லாது" என்றாள் மீன்காரம்மா.

அம்மா போனாள். சந்துமுனை வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய கல் ஒன்று இருந்தது. அங்கே தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுவிட்டு ஓடிவந்தாள். ஓடிவந்தவள் என் தலைமாட்டில் முழங்கால் போட்டு ஏசுவிடமும் அழுதாள். நான் பிழைத்தேன். யாரால் பிழைத்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். இந்தத் தழும்புகளோடு பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல்தான் அடுத்த வருஷம் ஐந்தாவதோடு நின்றேன். அது வேறு கதை.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு வந்த முதல் ஞாயிறு. எங்கள் சபையில் பெண்கள் சாட்சி சொல்ல மாதத்தில் ஒரு நாள் உண்டு. அன்று அந்த நாள். அம்மா எழுந்து, பிள்ளையைக் கர்த்தர் காப்பாற்றினார், ஸ்தோத்திரம் என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். எல்லோரும் அல்லேலூயா சொல்லியிருப்பார்கள். அம்மா அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு உட்காராமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொண்ணு சொல்லணும். நான் ஆத்தா கல்லுக்குத் தண்ணி ஊத்திக் கும்பிட்டேன். புள்ள சாவுறதைப் பாக்க முடியல. தப்புதான். சொல்லாம அப்பத்துல கை வைக்க எனக்கு மனசு வரல."

கிடங்குக்குள் ஓட்டில் புறா நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு பாட்டு பாடினார்கள். பாட்டு முடிந்து அப்பத் தட்டு வந்தது. பெரியப்பாதான் எடுத்து வந்தார். அம்மாவுக்கு இந்தப் பக்கம் இருந்தவளிடம் நீட்டினார், அப்படியே கையை உயர்த்தி அம்மாவின் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் அந்தப் பக்கம் இருந்தவளிடம் நீட்டினார். அம்மா ஏந்திய கையை மெதுவாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாயில் அன்று உட்கார்ந்திருந்தவர்களில் வட்டிக்கு விடுகிறவர் இருந்தார், பெண்டாட்டியை அடிக்கிறவர் இருந்தார். அவர்கள் எல்லாம் சாப்பிட்டார்கள். அவர்கள் ஒன்றையும் எழுந்து சொல்லவில்லையே.

அன்று மத்தியானம் மீன் குழம்பு வைக்கவில்லை. ஆனாலும் இருவரும் வந்தார்கள்.

"நான் சொல்லிகினேகீறேனா இல்லியா?" என்றார் மாமா. "ரட்சிப்பை இழந்துபோவ முடியும். இதோ, என் கூடப்பொறந்தவளே இழந்துட்டா." அவர் குரலில் துக்கம் இருந்தது. ஜெயித்த சந்தோஷமும் இருந்தது. இரண்டையும் நான் கேட்டேன்.

"இழக்கவே முடியாது" என்றார் பெரியப்பா. "இழந்த மாதிரி தெரிஞ்சா இன்னா அர்த்தம்? ஆதியிலேர்ந்தே அவளுக்கு இருந்ததில்லைன்னு அர்த்தம். நெஜமான விசுவாசி கல்லைக் கும்பிடுவாளா?"

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேசமாட்டாள். புருஷனின் அண்ணன் முன்னால் வந்து நிற்பதுகூட இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று அப்பாவிடம் சொல்வாள், அப்பா அவரிடம் சொல்வார். பெரியப்பாவுக்குக் காதில் விழுந்திருந்தாலும் அப்பா சொன்ன பிறகுதான் பதில் சொல்வார்.

"கேளுங்க" என்றாள் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து. "அப்போ அன்னிக்கு நான் கடல்ல முழுகினது இன்னாவாம்?"

"அன்னிக்கு அவ முழுகினது இன்னான்னு கேக்குறா."

பெரியப்பா கொஞ்சம் யோசித்து, "வெறும் குளியல்" என்றார்.

அம்மா அடுத்த கேள்வியைத் தன் அண்ணனிடம் கேட்டாள். "அண்ணே, இழந்துட்டேன்னே வெச்சுக்கோ. திரும்பி வாங்கிக்க முடியுமா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு தபா ருசி பாத்துட்டு வுழுந்தவங்களுக்கு அது ரொம்பக் கஷ்டம்னு எழுதிகீது."

அப்பா அதுவரை தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "இத்தினி வருசமா சண்ட போட்டீங்களே, ரெண்டு பேரும்" என்றார். "ஒருத்தர் போயிடுச்சின்றீங்க, ஒருத்தர் இருந்ததே இல்லன்றீங்க. ஆக மொத்தம் அவ பெஞ்சுலதானே குந்தணும்? அதுக்கு இன்னாத்துக்கு இம்மாஞ் சண்ட?"

இருவரும் அப்பாவைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவருக்கு வசனம் தெரியாதாம்.

அன்று முதல் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். எனக்குக் கன்னத்தில் உலர்ந்த பொருக்கை எண்ணெய் தடவி எடுப்பவள் நடுவில் கையை நிறுத்திவிட்டு எங்கேயோ பார்ப்பாள். "அம்மா, நீ நரகத்துக்குப் பூடுவியா?" என்று ஒரு நாள் கேட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்? அவளும் மழுப்பவில்லை. "தெரியல கண்ணு" என்றாள். "கேட்டுகினுதான் கீறேன். இன்னும் பதில் வரல." என் முகத்துக்காக என் அம்மா நரகத்துக்குப் போகப்போகிறாள் என்று எண்ணிக்கொண்டு நான் கண்ணாடி இருக்கிற பக்கம் போகாமல் இருந்தேன்.

இதற்கிடையே மீன்காரம்மா வேறு. சுவருக்கு அந்தப் பக்கம் அவளுக்குப் பாதிதான் கேட்கும். "ரட்சிப்பு தொலைஞ்சுபோச்சு" என்று நாங்கள் பேசிக்கொண்டது அவள் காதில் "ரட்சை தொலைஞ்சுபோச்சு" என்று விழுந்திருக்கிறது. ரட்சை என்றால் அவர்களுக்கு மந்திரித்துக் கட்டுகிற தாயத்து. கயிற்றில் கோத்துப் பிள்ளைகள் இடுப்பிலும் கழுத்திலும் கட்டுவார்கள். ஒரு நாள் காலையில் பார்த்தால் எங்கள் வாசல் சாக்கடையை ஒரு தென்னங்குச்சியால் கிளறிக்கொண்டிருக்கிறாள். சந்துப் பிள்ளைகளை எல்லாம் வரிசையாக நிறுத்தி, "டேய், எவன்டா எடுத்தவன்? குடுத்துடு, கண்ணு அவிஞ்சு பூடும்" என்று மிரட்டிக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாக்கா தேடுறே?" என்றாள் அம்மா.

"உன் ரட்சையத்தான். தங்கமா, வெள்ளியா? வூட்டு ஆம்பளைங்க எல்லாம் ஞாயித்துக்கெழமை கூடி உன்னைத் திட்டுறாங்களே, பெரிய துட்டு ஐட்டமா?"

அம்மா அன்று சிரித்தாள். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். அது சிரிப்பிலிருந்து எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. மீன்காரம்மாவுக்கும் தெரியவில்லை. விலை உயர்ந்த பொருள்தான் என்று முடிவு செய்துவிட்டாள். மறுநாள் தர்காவுக்குப் போய், மந்திரித்த செப்புத் தாயத்து ஒன்றை வாங்கிவந்து அம்மாவின் கையில் திணித்தாள். "பழசு அளவுக்கு வராது. இருந்தாலும் வெச்சுக்கோ." அதற்கு ஒரு நாள் மீன் விற்ற காசு போயிருக்கும். அம்மா அதைக் கட்டிக்கொள்ளவில்லை. தூக்கி எறியவும் மனம் வராமல் ஆணியில் மாட்டினாள். அடுத்த ஞாயிறு பெரியப்பா கண்ணில் அதுதான் முதலில் பட்டது. பிறகு நடந்ததை எழுத எனக்குப் பொறுமை இல்லை. ஆத்தா கல் போதாதென்று இப்போது தர்காவுமா என்று கத்தினார். மாமாவும் கத்தினார். அன்று ஒரு நாள் இருவரும் ஒரே கட்சி.

கடைசியில் மூப்பர்கள் கூடி ஒரு வழி சொன்னார்கள். அம்மா புதிதாக மனந்திரும்பி மறுபடியும் கடலில் முழுக வேண்டும். முதலில் முழுகியது கணக்கில் இல்லை. இதைச் செய்தால் அன்றைக்கே பாய், அன்றைக்கே அப்பம். அப்பா, "உனக்கு இஷ்டமா?" என்று கேட்டார். அம்மா தகரப் பெட்டியைத் திறந்து அந்த வெள்ளைப் புடவையை எடுத்தாள். பாயில் உட்கார அவளுக்கு அவ்வளவு ஆசை.

ஞாயிறு விடிந்து வெயில் ஏறுகிற நேரம். காசிமேட்டுக் கரையில் சபையார் நின்று பாடினார்கள். மாமாவும் வந்திருந்தார். ஒரு தடவைதான் ஞானஸ்நானம், இரண்டாவது செல்லாது என்று சொல்லிக்கொண்டே வந்திருந்தார். கட்டுமரங்கள் வந்து இறங்குகிற நேரம் என்பதால் மீன்கார ஜனமும் கூடி நின்றது. அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். அலை வரும்போது புடவை பொம்மென்று உப்பும், அவள் இரண்டு கையாலும் அழுத்திக்கொள்வாள். பெரியப்பா அவள் பக்கத்தில் நின்று, சபையில் பேசுகிற சுத்தத் தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்:

"இன்று முதல் முறையாக நீ கர்த்தரை உன் ரட்சகராக ஏற்றுக்கொள்கிறாயா?"

பெரியப்பா மறுபடியும் கேட்டார். ஒரு அலை வந்து போனது.

"மொத தபா இல்லியே" என்றாள் அம்மா.

கதவு இல்லை, நடுவில் அப்பா இல்லை. அவள் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்து நேராகப் பேசி அன்றுதான் கேட்டேன். அவருக்கும் அது தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். சுத்தத் தமிழ் போய்விட்டது.

"ஆமான்னு சொல்லுமே. ஒரு வார்த்ததானே. சொல்லிட்டா முடிஞ்சு பூடும்."

"ஆமான்னா அது பொய்யி. நான் அன்னிக்கே அவரை ஏத்துக்கினேன். இந்தப் பொடவைதான், இந்தக் கடல்தான். கும்பிட்டதை நெஜமாச் சொன்னேன், வெளிய வெச்சீங்க. இப்போ பொய்யி சொன்னா உள்ள சேத்துப்பீங்களா?"

பாட்டு நின்றுபோயிருந்தது. அம்மா திரும்பி, அலையைத் தள்ளிக்கொண்டு கரைக்கு நடந்து வந்தாள். புடவை இடுப்புக்குக் கீழே ஈரம், மேலே உலர்ந்தபடி. மீன்கார ஜனத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "அடிப் பாவி, கடல்லயா தொலைச்சே! மொதல்லியே சொல்லக் கூடாதா, எங்க ஊட்டுக்காரனை வலை போட்டுப் பாக்கச் சொல்லியிருப்பேனே!"

கரையில் மாமா தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா புடிவாதம் பாத்தீங்களா! இழந்துபோனவங்க இப்படித்தான் இருப்பாங்க." சொட்டச் சொட்ட வந்த பெரியப்பா, "இருந்ததே இல்லாதவங்க இப்படித்தான் இருப்பாங்க" என்றார். அந்த மணலில், அந்த வெயிலில், ஈரத் துணியோடு மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து அம்மா மேல் போர்த்தினார். நாங்கள் மூவரும் வீட்டுக்கு நடந்தோம்.

அந்தப் புடவையில் கட்டுமரத்துத் தார் பட்டிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அம்மா அதைக் கிழித்துத் தலையணை உறை தைத்தாள். அந்த உறையில் பல வருஷம் நான் தலை வைத்துத் தூங்கியிருக்கிறேன். எந்த வீடு மாறும்போது அது காணாமல் போனது என்று தெரியவில்லை.

அம்மா சபைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போய் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பத் தட்டு புறப்படும்போது கண்ணை மூடிக்கொள்வாள். கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா என்று நான் பிறகு கேட்கவில்லை. எனக்குக் கல்யாணமான மறுவருஷம் அவள் காலமாகும் வரைக்கும் அந்தத் தட்டு பெஞ்சுக்கு வரவில்லை.

அடக்கத்துக்கு இருவரும் வந்தார்கள், வயதாகிப் போய், தடி ஊன்றிக்கொண்டு. குழிக்குப் பக்கத்தில் நின்று பெரியப்பா பேசினார். இந்தச் சகோதரி கர்த்தரிடம் போய்விட்டாள், சந்தேகமே இல்லை, ரட்சிப்பை ஒரு நாளும் இழக்க முடியாது என்பதற்கு இவளே சாட்சி என்றார். அடுத்து மாமா பேசினார். என் தங்கை கர்த்தரிடம் போய்விட்டாள், சந்தேகமே இல்லை, இழந்தவர்களும் அழுது திரும்பப் பெறலாம் என்பதற்கு இவளே சாட்சி என்றார். என் அப்பா மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் முடிப்பதற்காகக் காத்து நின்றார். சந்தேகமே இல்லை என்கிற அந்த ஒரு வார்த்தையை, அவள் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில் இவர்களில் ஒருவராவது வந்து சொல்லியிருக்கலாம்.

1994 ஆகஸ்டு 21, ஞாயிற்றுக்கிழமை.